எச்சில் கேசட்

போன வாரம் தபாலில் இன்னொரு வீடியோ கேம் கேசட் வந்தது. பிரித்ததும் பழைய பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது. டாங்கிச் சண்டை விளையாட்டு. அலமாரியில் ஒரு தட்டு நிறைய அதே விளையாட்டுதான் வைத்திருக்கிறேன். உள்ளே எல்லாம் ஒன்றே, லேபிள்தான் வேறு. ஒன்றில் டாங்கி பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். "ஒரே கருமத்த எத்தினி தடவ வாங்குவீங்க?" என்கிறாள் மனைவி. நியாயமான கேள்விதான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், நான் தேடுகிற லேபிளை நான் பார்த்ததே இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் வடக்கனந்தலில் டிவி கேம் இருந்தது ஒரே வீட்டில், சிங்கப்பூர் போய்த் திரும்பியவர் வீட்டில். ஊர்ப் பையன்கள் உள்ளே பாயில் உட்கார்ந்து ஆடுவார்கள். காலனிப் பையன்களான நானும் என் பெரியம்மா மகன் முருகேசனும் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆடுவோம். கம்பி வழியாக ரிமோட்டை ஒயரோடு நீட்டுவார்கள். அதற்காக முருகேசன் அவர்கள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுவான்.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி, அடிப்பக்கம் வாயை வைத்து ஊத வேண்டும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊதினால் எச்சில் படும். அதனால் அந்த வீட்டில் அதே விளையாட்டுக்கு இரண்டு கேசட். எங்களுடையது மாறிப்போகாமலிருக்க அதன் லேபிளைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்த காலம், இது ஒன்றும் அதிசயமில்லை. அவர்கள் கேசட் மெஷினில் இருக்கும்போது அதன் முதுகுதான் எங்களுக்குத் தெரியும்.

"அதுல இன்னா படம்டா போட்டுருக்கும்?" என்பான் முருகேசன். ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து ஆடிவிட வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான் ஆசை.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் புளிய மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அந்த வீட்டு ஆண்களும் தங்கள் பங்கைக் கேட்டு மறியலில் இருந்தார்கள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நேரம் பார்த்து அவர்கள் கேசட் செத்துப்போனது. மெட்ராஸ் போய் வேறு வாங்க வழியில்லை. பையன்கள் அழுதார்கள். எங்கள் கேசட்டை எடுக்கலாம், ஆனால் எச்சில். வீட்டுக்கார அம்மா அதை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தார். கேசட்டுக்குத் தீட்டுக் கழித்தது உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். டிவியில் வெறும் கோடுதான் வந்தது.

"நீங்க ஊதி ஊதித்தான்டா கெட்டுப்போச்சு" என்று முருகேசனைக் கூப்பிட்டு நீட்டினார். "ஊது. ஓட வெச்சினா, உள்ள வந்து ஒக்காந்து ஆடு."

"நெசமாவாம்மா?"

"ஊதுடா மொதல்ல."

வெயிலில் நின்று ஊதினான். ஊதி ஊதிக் கொடுப்பான், அவர்கள் செருகிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளே பையன்களுக்கு ஒரே சிரிப்பு. உதடு வெடித்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினான்.

"நான் ஊதறேண்ணா."

"நீ வேணாம். நான்தான் ஊதணும்."

பொழுது சாயும்போது டிவியில் டாங்கி வந்தது. முருகேசன் முன்வாசலுக்கு ஓடி, குழாயடியில் கால் கழுவிப் படியோரம் நின்றான்.

"இன்னாடா?"

"உள்ள வரச் சொன்னீங்களேம்மா."

"ரத்தமும் எச்சியுமா ஊதிட்டு உள்ள வர்றியா நீ? போடா."

அந்த அம்மா மெஷினிலிருந்து கேசட்டைத் துணியால் பிடுங்கி அவன் காலடியில் வீசினார். ஓடுகிற கேசட். எங்கள் காலனியில் ஒரு வீட்டிலும் டிவி கிடையாது.

மரங்களை அகற்றினார்கள், பஸ் வந்தது, புதுக் கேசட்டும் வந்தது. ஜன்னல் மட்டும் எங்களுக்கு அப்புறம் திறக்கவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். முருகேசன் வீட்டுப் பரணில் கிடந்த கேசட் ஒரு மழையில் கூரையோடு போனது. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த ஜீப் கவிழ்ந்ததில் முருகேசனும் போய்விட்டான்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நன்றாக வயதாகிவிட்டது. அவராகவே வந்து பேசினார். "நல்லா கீறீங்களா தம்பி? அப்பல்லாம் நீங்களும் முருகேசனும் எங்க வூட்டுலயேதான கெடப்பீங்க, கேம் ஆடிக்கினு. பாயில எடம் பத்தாது."

பொய் சொல்கிற முகமில்லை. நம்பித்தான் சொன்னார்.

"இல்லம்மா. நாங்க ஜன்னலுக்கு வெளியதான் நின்னோம்."

"அப்டியா?" என்றார். "எனக்கு அப்டி ஞாபகம் இல்லியே."