பலகை எடுக்கப்பட்ட ஆறு

ஒரு பொய் சொல்லி ஒரு மனிதரின் வலது கையைக் கெடுத்தேன். பிறகு இன்னொரு பொய் சொல்லி அவர் பெயரையும் கெடுத்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கல்லூரியில் வரலாறு கற்பித்துவிட்டு வந்தவன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நான் வசிக்கும் அர்ஹாங்கெல்ஸ்க் நகரில் ஆற்றின் மேல் நடந்துபோய் ரொட்டி வாங்குகிறார்கள். வடக்கு த்வினா ஆறு வெள்ளைக் கடலைத் தொடும் முன் பல கிளைகளாகப் பிரிகிறது. நடுவே உள்ள தீவுகள் சிலவற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் நடை. உறைந்த ஆற்றின் மேல் ஊசியிலை மரக்கிளைகளை வரிசையாக நட்டுப் பாதை காட்டியிருப்பார்கள். கப்பல்களுக்காகப் பனி உடைக்கும் கப்பல் ஒன்று வந்து அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போகும். வெட்டிய இடம் இறுகும்வரை மக்கள் பையும் குழந்தையுமாக நிற்பார்கள். பிறகு காவல்காரர் பலகைகளைப் போடுவார், அதன் மேல் நடப்பார்கள். யாரும் பேசிக்கொள்வதில்லை. என்னைப் போன்ற நிறத்தவன் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் பையை மறுகைக்கு மாற்றிக்கொள்வார். இந்த ஊரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதை அது மறைத்ததும் இல்லை.

சதுப்பு நிலத்தில் கட்டிய ஊர். மர வீடுகள் ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்ந்திருக்கும். காற்று திரும்பினால் காகித ஆலையின் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒரு காலத்தில் ரஷ்யாவுக்குக் கடல் வழியாக வந்த அயல்நாட்டுச் சரக்கெல்லாம் இந்தத் துறையில்தான் இறங்கியது. பிறகு ஒரு ஜார் மன்னர் தனக்கென்று புதிய தலைநகரைக் கட்டிக்கொண்டு, சரக்கெல்லாம் அங்கே போகட்டும் என்று ஆணையிட்டார். கப்பல் குறைந்தது, ஊர் மரம் அறுத்துப் பிழைத்தது. இதைப் படித்தபோது நான் திருப்பூரை நினைத்துக்கொண்டேன். எண்பதுகளில் சோவியத் ஆர்டருக்காகப் பனியன் கம்பெனிகள் இரவு பகலாக ஓடின. மாலை வகுப்பில் ரஷ்ய மொழி படித்திருந்த என்னை ஒரு முதலாளி மொழிபெயர்ப்பாளராக எடுத்துக்கொண்டார். சோவியத் நாடு உடைந்ததும் ஆர்டர் நின்றது. வாங்க ஆளில்லாவிட்டால் அங்கேயே போய்த் தைத்து விற்போம் என்று முதலாளி முடிவு செய்தார். இங்கே பாலமில்லாத தீவு ஒன்றில், மூடிக் கிடந்த மரஅறுவை ஆலையில், சிறிய யூனிட் போட்டார். தையல்காரர்கள் நான்கு பேர். அவர்களுக்கு மேலாளும் வாயும் நான்.

அவர்களில் ஒருவர் சூசை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ஓவர்லாக் மெஷினில் பெயர் எடுத்தவர். இந்த ஊர் ஒரு மடத்தைச் சுற்றி வளர்ந்தது, தலைமைத் தேவதூதரின் பெயர்தான் ஊருக்கும் என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"நம்ம மிக்கேல் சம்மனசு ஊரா அண்ணாச்சி? அப்ப ஒண்ணும் பயமில்ல."

திருப்பூரில் நொய்யல் கரையில் குடியிருந்தவர்களுக்கு ஆறு என்பது குறுக்கு வழி. மழைக்காலம் போக மற்ற நாளில் மணலிலும் சாயத் தண்ணீரிலும் கால் வைத்துத் தாண்டிப் போவோம். த்வினா அப்படியல்ல. அது வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே முதலில் உருகும். கழிமுகம் அப்போதும் இறுகியே கிடக்கும். மேலிருந்து வரும் வெள்ளம் அடியில் முட்டும்போது, பார்வைக்கு வெள்ளையாக, உறுதியாக இருக்கும் பனி உள்ளே இற்றுப்போயிருக்கும். இது எனக்குத் தெரியும். நான்தான் அவர்களுக்கு இந்த ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்தியவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஏப்ரலில் மாஸ்கோவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் சாம்பிள் பார்க்க நகரத்தில் காத்திருந்தார். மாலை ரயிலில் திரும்புகிறார். சாம்பிள் போகாவிட்டால் யூனிட் மூடப்படும், என் வேலையும் போகும். சூசையும் நானும் மூட்டையோடு கரைக்கு வந்தோம். காவல்காரி கலீனா பலகைகளை இழுத்துக் கரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே வைத்து, "நெல்ஸ்யா" என்றார். கூடாது என்று பொருள். காலையில் கப்பல் வெட்டிப் போன இடம் இனி இறுகாது, பாதை இந்த ஆண்டுக்கு முடிந்தது என்றும் சொல்லிவிட்டு, அடுத்த பலகையை எடுக்கத் திரும்பினார்.

"அந்த அம்மா என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?" என்று சூசை கேட்டார்.

"மெதுவாப் போகச் சொல்றாங்க கண்ணு. சூதானமாப் போயிட்டு வா. எனக்கு முழங்கால் வலிக்குது."

எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.

வெட்டுப் பகுதியில் காலடியில் பனி உடைந்து அவர் தண்ணீருக்குள் போனார். மிதந்து வந்த பனிப்பாளம் விளிம்பில் மோதியபோது, விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய வலது கை நடுவில் சிக்கியது. கலீனா பலகை மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய் அவரை இழுத்து வந்தார். நான் கரையில் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில் கலீனா என் சட்டையைப் பிடித்து, "கூடாது என்று உன்னிடம்தானே சொன்னேன்" என்று கத்தினார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த சூசை, அவர் என்ன சொல்கிறார் என்று மறுபடியும் என்னைத்தான் கேட்டார். பனியைத் திட்டுகிறார் என்றேன். கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். முதலாளிக்கு நானே போன் செய்தேன். "சூசை கொஞ்சம் குடிச்சிருந்தானுங்க. நாஞ் சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டானுங்க" என்றேன். சூசை குடிக்காதவர்.

அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடையிலேயே யூனிட்டும் மூடியது. மற்ற தையல்காரர்களும் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து இங்கேயே ஒட்டிக்கொண்டேன். திருப்பூர் பஸ்ஸில் சூசை எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தைவிட இந்த ஊரின் வெறுப்பு எனக்கு எளிதாக இருந்தது.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் ஒரு கோடை விடுமுறையில் திருப்பூருக்குப் போனேன். முதலிபாளையத்தில் ஒரு நூல் குடோனில் சூசை வாட்ச்மேனாக இருந்தார். மனைவி ஜெபமாலை எங்கள் பழைய கம்பெனியிலேயே தைத்த துணியில் பிசிர் நூல் வெட்டும் வேலை பார்த்தார். அவர்கள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சூசை இடது கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"அந்த அம்மா கையக் குறுக்க வச்சத நானுந்தான் பாத்தேன்" என்றார். "வேண்டாங்காவ போலன்னு நெனச்சேன். அண்ணாச்சிக்குத் தெரியாததா, நம்மளுக்குத் தப்பாவா சொல்லப் போறாவன்னு எறங்கிட்டேன்."

ஜெபமாலை அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை. "இத எங்ககிட்ட எதுக்குச் சொல்லுதீய? இவுக குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? குடிகாரன்னு யாரும் தச்ச துணியப் பாத்து அடுக்குத செக்கிங் மேசைக்குக்கூட எடுக்கல. ஒம் வீட்டுக்காரரு ஐஸ் மேல டான்ஸ் ஆடுனாராமேன்னு கேக்காளுவ. சொல்லணும்னா கம்பெனி வாசல்ல போய்ச் சொல்லும்."

மறுநாள் டீ இடைவேளையில் போனேன். சூசையும் வந்து ஓரமாக நின்றார். கட்டிங் ஆட்கள், பவர்டேபிள் தையல்காரர்கள், பிசிர் வெட்டும் பெண்கள் என்று எல்லோரும் டம்ளரோடு நிற்க, டீக்கடை முன்னால் உரக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, அப்ப அந்த ஆளு குடிக்கவே இல்லீங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார்.

"இல்லீங்க. நான் சொன்னது பொய்யிங்க."

"இதச் சொல்றதுக்கு இத்தன வருசம் வேணுமாக்கும்? அங்கிருந்து நடந்தே வந்தீங்களோ?"

சிரித்தார்கள். முதலாளி வெளியே வந்து, "வாத்தியாருங்கன்னு நம்பித்தானுங்க அந்தக் குடும்பத்த நான் கைவிட்டேன். இனி நம்ம கம்பெனி வாசல் மிதிக்காதீங்க" என்றார். பிறகு சூசையைப் பார்த்து, திங்கட்கிழமை செக்கிங்குக்கு வந்துவிடச் சொன்னார். சூசை, யாரோ கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டு. போதும். இனி எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க, சார்."

அதுவரை நான் அவருக்கு அண்ணாச்சி.

தம்பி வீட்டில்தான் தங்கியிருந்தேன். தம்பி மகன் அதே கம்பெனியில் டெலிவரி பார்ப்பவன். சாயங்காலம் போனபோது என் பெட்டி வாசல் படிக்கு வந்திருந்தது. "பையன் பொழப்பு இருக்குதுங்கண்ணா" என்று மட்டும் தம்பி சொன்னான். வீட்டுக்குள் வா என்று யாரும் கூப்பிடவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு லாட்ஜுக்குப் போனேன்.

"எந்த ஊருங்க?" என்று மேஜையில் இருந்தவர் கேட்டார்.

"திருப்பூர்தானுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உள்ளூர்க்காரருக்கு ரூம் குடுக்கறதில்லீங்க. போலீஸ் தொந்தரவு."

அர்ஹாங்கெல்ஸ்க் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு எழுத வரவில்லை. "வெளியூர்" என்று எழுதிக்கொண்டு சாவியை நீட்டினார்.