குட்டியின் மேல் என் கை வாடை

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மாசி மாதம். சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி, இளையரசனேந்தல் பக்கம் உளுந்து அறுத்த காட்டில் போட்டிருந்த ஓர் ஆட்டுக்கிடைக்குப் போயிருந்தேன். நம் பக்கத்துச் செவலை ஆடுகள் எத்தனை தாய்வழிகளில் வந்தவை என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகிற மரபணு ஒன்று உண்டு. அதற்காக ஆடுகளின் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஒரே தாய் வழியில் இரண்டு ஆடுகளை எடுக்கக் கூடாது.

கிடைக்குச் சொந்தக்காரர்கள் ஒரு அண்ணாச்சியும் அவர் மனைவியும். எந்த ஆடு எதன் மகள், எதன் பேத்தி என்று அந்த அக்காவுக்கு அத்துப்படி. “இதுவும் அதுவும் ஒரே வகுறு டாக்டரம்மா, இத விடுங்க” என்று ஒவ்வொன்றாக ஒதுக்கித் தந்தார். நான் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்க நன்றாக இருந்ததால் திருத்தவில்லை.

கடைசியாக, முந்தின நாள்தான் முதல் குட்டி போட்டிருந்த ஒரு ஆடு. மழைக்காலத்தில் வந்த நோயில் அதன் தாய், அக்கா, தங்கை எல்லாம் போய்விட்டன. அந்த வழியில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்றார் அக்கா. போட்டிருந்ததும் பெட்டைக்குட்டி. எங்கள் ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணாச்சி பிடித்துக்கொள்ள, கழுத்தில் ஸ்பிரிட் தடவி ரத்தம் எடுத்தேன். எடுத்த சந்தோஷத்தில் அதே கையோடு குட்டியைத் தூக்கிக் கொஞ்சினேன். கன்னத்தோடு வைத்து இரண்டு போட்டோ வேறு.

கீழே விட்டதும் குட்டி மடிக்கு ஓடியது. தாய் ஒரு தரம் மோந்து பார்த்தது. அடுத்த நொடி முட்டித் தள்ளிவிட்டது. குட்டி எழுந்து மறுபடி போனது. மறுபடி முட்டு.

“ஏட்டி, கையில என்னத்தத் தடவியிருக்க?” என்றார் அக்கா. டாக்டரம்மா போன இடம் தெரியவில்லை. ஆடு குட்டியை அடையாளம் காண்பது வாடையில்தானாம். நான் குட்டியின் மேல் ஸ்பிரிட் வாடையைப் பூசி வைத்திருக்கிறேன். புட்டிப்பால் கொடுக்கலாம்தான், ஆனால் தினம் காடு மாறுகிற கிடையில் தாய் சேர்க்காத குட்டி தேறுவது கஷ்டம் என்றார் அண்ணாச்சி. தாய்வழியைத் தேடி வந்தவள், ஒற்றை ஆட்டில் மிஞ்சியிருந்த வழியை நானே அறுத்துவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது.

அக்கா திட்டவே இல்லை. ஈரத்துணியால் குட்டியைத் துடைத்தார். தாயின் பாலையே கறந்து குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தேய்த்தார், மேலே கொஞ்சம் உப்பு. தாயை வேப்பமர நிழலில் குட்டைக் கயிற்றில் கட்டி, குட்டியைப் பக்கத்தில் விட்டு எங்களைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

மறுபடியும் முட்டியது. நான் விசும்புவதைப் பார்த்து, “அழாத மக்கா. அதுக்கும் தலைச்சன் ஈத்து, நீயும் வேலைக்குப் புதுசு. பழகணும்லா?” என்றார். என் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. பெட்டியில் ஐஸ் என்ன ஆனதோ, பார்க்கத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்த நேரம், தாய் குட்டியின் முதுகை ஒரு தரம் நக்கியது. உப்புக்காகத்தான் இருக்கும். பிறகு வாலடியை மோந்தது. அடித்தொண்டையில் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. குட்டி மடியில் வாய் வைத்தது, வால் படபடவென்று ஆடியது. அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கிடைகளுக்குப் போய்விட்டேன். எவ்வளவு அழகான குட்டி காலைச் சுற்றினாலும், அதன் தாய் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.