லில்லியைப் பற்றி அன்று நான் சொல்லாதது

லில்லி இறந்துவிட்டார் என்று அவருடைய மகன் ஜான்சன் அழைத்துச் சொன்னபோது, நான் கும்பகோணத்தில் என் வீட்டில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் வேண்டிய பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். “காலையில அஞ்சரைக்குப் போயிட்டாங்க டீச்சர். உங்களுக்கு உடனே சொல்லிடணும்னு அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க” என்றார். அடுப்பை அணைத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவர் போய் ஆறு வருடமாகிறது. மகள் சிங்கப்பூரில் வேலைக்குக் கிளம்பும் நேரம். இப்படிப்பட்ட செய்திகளை இத்தனை காலமும் நான் லில்லியிடம்தான் சொல்லி வந்திருக்கிறேன் என்பது போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது.

மயிலாடுதுறைக்குத் தெற்கே அவருடைய ஊரில் சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். வாய்க்கால் கரையோடு பெட்டியைத் தூக்கிப் போனதை அடக்கத்துக்கு வந்திருந்த நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். விசுவாசமுள்ள சகோதரி, உழைப்பாளி, நல்ல தாய் என்று பேசினேன். பொய்யில்லை. ஆனால் யாருடைய பெட்டிக்கு முன்னாலும் நின்று சொல்லக்கூடியவை அவை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியையாக இருந்த பள்ளியில் லில்லி ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம்; ஒரே சபைக்கும் போனோம். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் அரசாங்க வேலைக்கு வந்தவர் லில்லி. காலையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவத் தொடங்குமுன் வேதத்தில் ஒரே ஒரு வசனம் வாசித்துவிட்டு மூடிவிடுவார். நான் தினமும் அதிகாரம் அதிகாரமாக வாசிப்பவள். ஏன் இவ்வளவு குறைவாக வாசிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “இன்னைக்குச் செய்யறதுக்கு இது போதும் டீச்சர்” என்றார். வாசிக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடங்களில் எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. செவ்வாயும் வெள்ளியும் பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய் ஜெபம் நடத்துவேன். நோயாளிகள் வீடு என்றால் கண்ணீரோடு ஜெபிப்பேன். என் வீட்டில் என் மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்திருந்தேன். மாமியாரின் அறைக்குள் நான் போவது மாத்திரை கொடுக்க மட்டும்தான். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் கடுமையாக இருந்தவர். அதை நான் மறக்கவில்லை என்பது என் ஜெபத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அந்த அம்மாள் ஊருக்குப் போயிருந்தார். என்னோடு ஜெபக்கூட்டத்துக்கு வருவதற்காக லில்லி வீட்டுக்கு வந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் மாமியாரின் அறையில் இருந்தார். நனைந்த விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வரலேன்னு நான் போய்ச் சொல்லிடறேன் டீச்சர். நீங்க இவங்களுக்குத் தலை வாரி விடுங்க. சிக்குப் பிடிச்சுக் கிடக்கு” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு நீங்கள் உபதேசம் செய்ய வேண்டாம் என்றேன்.

“உபதேசம் இல்லே டீச்சர். ரொம்ப நேரமா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அதான்.”

நான் தனியாகக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். அன்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். திரும்பி வந்தபோது லில்லி கிளம்பிப் போயிருந்தார். மாமியார் தலைவாரிப் பின்னலோடு தூங்கிக்கொண்டிருந்தார். நன்றி தோன்ற வேண்டிய இடம். எனக்கு அவமானம்தான் தோன்றியது. ஒரு மாதத்துக்கு மேல் வேலையைத் தவிர வேறெதுவும் லில்லியிடம் பேசவில்லை. அவர் எப்போதும்போல “வாங்க டீச்சர்” என்று சொல்லி என் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது சீப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். பின்னால் உட்கார்ந்து மாமியாரின் தலையில் கை வைத்தேன். அவர் விழுந்துபோன கையை விட்டுவிட்டு, அசைகிற கையால் என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். குழறிய குரலில், “நீயா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். தினமும் நான்தான் தலை வாரினேன். பழையதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை வேறொருவரிடம் கொடுத்தேன். காரணத்தை லில்லியிடம்கூடச் சொல்லவில்லை.

மாமியார் இறந்த அன்று லில்லி வந்தார். கிடத்தியிருந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்லாப் பின்னியிருக்கீங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார். எழுந்து கொல்லைப்பக்கம் போய், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள் அது. கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குப் போய்விட்ட அவர் இந்த வருடம் படுத்த படுக்கையானபோது ஒரே ஒரு முறை பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெபம் செய்தேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். “இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன் டீச்சர்” என்றார். என்னிடம் அவர் தமக்காகக் கேட்ட ஒரே உதவி அதுதான் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு மணிக்கு நாலு பஸ் இருக்கிறது.

மன்னிப்பைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சிலவற்றை நானே செய்தும் இருக்கிறேன். கடவுள் மன்னிப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அன்று அந்த அறையில் இருந்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம் எனக்குத் திரும்பி வராது. லில்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் அன்று கேட்ட அந்த வார்த்தைகளைத்தான். ஆறுதலுக்காக அல்ல. இனி எந்த வீட்டிலாவது யாராவது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னால், நான் இருந்துவிட்டு வருவேன்.

இப்போதெல்லாம் என்னை அப்படிக் கேட்பவர்கள் இல்லை. அதனால் போன சனிக்கிழமை யாரும் கேட்காமலே லில்லியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் தேவசகாயத்துக்குக் காது மந்தம். எங்களுக்குள் பேசவும் அதிகமில்லை. வாசலில் இரண்டு நாற்காலி போட்டார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.