கலியாணச் சட்டை

கன்னியாஸ்திரியாகப் போன என்னை, இறையழைத்தல் இல்லை என்று மடத்தில் இருந்து மன்னாருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு நான் எதற்கு என்று ஆண்டவரிடம் கேட்டுக் கோயிலில் இருந்து அழுவேன்.

அந்த நாட்களில்தான், கடலுக்குப் போய்க் காணாமற் போன பக்கத்து வீட்டு அன்ரனி அண்ணையின் உடல் கரையொதுங்கியது. நாட்பட்ட உடலை எங்கள் ஊரில் வீட்டுக்கோ கோயிலுக்கோ கொண்டுபோவதில்லை. கரையிலேயே பெட்டியில் வைத்து நேரே சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிடுவார்கள். நாற்றம் தாங்காமல் எல்லோரும் தள்ளி நின்றார்கள். நானும் தள்ளி நின்றுதான் செபமாலை சொன்னேன்.

அவருடைய மனைவி கலியாணச் சட்டையோடு என்னிடம் வந்தார்.

"உடுத்த ஏலாதாம். மேலையாவது போட்டுவிடுங்கோ தங்கச்சி. எனக்குப் பாக்கப் பயமாக் கிடக்கு."

செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெட்டியருகே போனேன். முகம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. சட்டையின் பொத்தான்களைப் பூட்டி, விரித்துப் போர்த்தினேன். மடத்தில் படித்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எப்பிடிக் கிடக்கிறார்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"நித்திரை மாதிரி அக்கா," என்று பொய் சொன்னேன்.

இப்போதெல்லாம் கடல் யாரையாவது இப்படித் திருப்பித் தந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பயந்துகொண்டுதான் போகிறேன். ஆண்டவரிடம் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.