சுண்டிக்குளத்தில் பெண் பார்த்த கதை

போன சனிக்கிழமை ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போய், முழங்கால் வரை சேற்றோடு வீடு திரும்பினேன்.

பெண், என் தங்கையின் மகள் தர்ஷினி. வங்கியில் வேலை. ஓய்வு நாட்களில் பறவைகளைப் படம் எடுப்பாள். எங்கள் வழக்கப்படி இதுவரை கோயில்களில்தான் அவளைக் காட்டினோம். இம்முறை மறுத்துவிட்டாள்.

“கோயிலிலை எல்லாரும் என்னைப் பாக்கினம், மாமா. என்னாலை ஆரையும் வடிவாப் பாக்க ஏலாமல் கிடக்கு. அவை சுண்டிக்குளத்துக்கு வரட்டும்.”

பறவைகள் சரணாலயத்தில் பெண் பார்ப்பதா? தங்கை அழுதாள். பிறகு என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

மாப்பிள்ளை கபிலன். ஊர் அளவெட்டி. மின்சாரப் பொறியியலாளர். வெயில் ஏறும் முன்பே தாயாரோடு காரில் வந்து இறங்கினார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட். தாயார் பட்டுச் சேலை, கையில் பலகாரப் பெட்டி.

தர்ஷினி வணக்கம் சொன்னாள். அடுத்த வார்த்தை — “உந்தச் சேட்டைக் கண்டால் ஒரு பறவையும் கிட்ட வராது.” தன் பழைய பச்சை மழைக்கோட்டை நீட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். கோட்டின் கை அவருக்கு முழங்கையோடு நின்றது.

“உங்களுக்கு என்ன பறவையள் தெரியும்?”

கபிலன் யோசித்தார். “காகம் தெரியும். பிறகு... கோழி.”

சேற்றில் நடந்து போய், உப்புநீர்க் களப்பின் ஓரம் ஒரு பற்றைச் செடிக்குப் பின்னால் நாலு பேரும் குந்தினோம். எதிரே, ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைக் கூட்டம். இளஞ்சிவப்பு. தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. கதைக்கக் கூடாது என்பது தர்ஷினியின் கட்டளை.

சாதகம் கேட்கிறோம், உத்தியோகம் கேட்கிறோம், காணி கேட்கிறோம்... ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா என்று எந்த மாப்பிள்ளையிடமாவது கேட்டிருக்கிறோமா? கபிலன் இருந்தார்.

அப்போதுதான் தாயாரின் போன் அடித்தது. நாதஸ்வரம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன அளவெட்டிக்காரர் வேறென்ன வைப்பார்? முழுச் சத்தத்தில்.

கூட்டம் மொத்தமாய் எழும்பியது. தர்ஷினியின் விரல் தன்பாட்டில் கமராவை அழுத்தியது.

படத்தைப் பார்த்தோம். வானம் முழுக்கச் சிவந்த செட்டைகள். கீழே தண்ணீரிலும் அதே செட்டைகள். இப்படி ஒரு படத்துக்காகத்தான் அவள் ஒவ்வொரு மாரி முடியவும் இங்கே வந்து காய்கிறாள்.

“பாத்தியளே, என்ரை போனாலைதான்!” என்று தாயார் மலர்ந்தார்.

“அதுதான், அன்ரி, பிழை. பயப்படுத்தி எழுப்பி எடுத்த படத்தை நான் வைச்சிருக்கிறேல்லை.”

அழித்துவிட்டாள்.

தாயாரின் முகம் கறுத்தது. தங்கைக்கு என்ன சொல்வேன்?

“படத்தை அழிச்சாப்போலை அதுகள் திரும்பி வருமே?” கபிலன் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“வராது. ஆனா இதைக் கண்டால் நாளைக்கு நாலு பேர் கமராவோடை வந்து நிண்டு, அதுகளை எழுப்பக் கை தட்டுவினம். பாவம், அதுகள் சாப்பிட வந்ததுகள்.”

அவர் தலையாட்டினார். “ஓம், விளங்குது. எண்டாலும் எனக்கு அழிக்க மனம் வந்திராது.”

உண்மை பேசும் மாப்பிள்ளை. நேரம்தான் சரியில்லை. நான் கார் நின்ற பக்கம் பார்த்தேன்.

தாயார் எழும்பவில்லை. போனை முழுதாக நிறுத்தினார். பட்டுச் சேலையோடு ஈரமண்ணில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

“நான் எழுப்பினதுகள். திரும்பி வந்து சாப்பிடுமட்டும் நான் இதிலையிருந்து அசையன், பிள்ளை.”

வெயில் ஏறியது. கபிலன் மழைக்கோட்டுக்குள் அவிந்தார். தாயார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். நெடுநேரம் கழித்து ஒன்று வந்தது. பிறகு சில. பிறகு ஒரு வரிசை. அவர் தர்ஷினியின் கையைப் பிடித்து, சத்தமில்லாமல் சுட்டிக் காட்டினார்.

தர்ஷினி கமராவை எடுக்கவில்லை. எடுப்பதானால் அந்தக் கையை விட வேண்டும்.

வீட்டு வாசலிலேயே தங்கை மறித்தாள். “பிடிச்சிருக்கோ, பிள்ளை?”

“மாமியைப் பிடிச்சிருக்கு.”

“நான் பெடியனைக் கேட்டனான்!”

“அவரை வாற சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறன். பாப்பம்.”

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாமியார் பொருத்தம் அதில் இல்லை — சாத்திரிமார் கவனிக்க.