கௌராமி தொட்டியில் நுரை

1. சேர்ந்த நாள்

வேங்கிக்காலில் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளே ஐயா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெட்டவெளியில் மூன்று சிமெண்ட் தொட்டி, மேலே பச்சை வலை. அதுவரைக்கும் நான் லாட்ஜில் தரை துடைத்தவள். என் கை பட்ட இடத்தில் ஒரு கறை இருக்காது. அந்தப் பேர் எனக்கு உண்டு.

"முதல் தொட்டியில கப்பி, மோலி. ஒண்ணா இருக்கும், சண்டை வராது. ரெண்டாவதுல டைகர் பார்ப். அது மத்த மீனைக் கடிக்கும். மூணாவதுல கௌராமி ஜோடி. வயித்துக்குக் கீழ நூல் மாதிரி ரெண்டு மீசை இருக்கு பாருங்க. பார்ப் உள்ள போச்சுன்னா அதைக் கடிச்சு எடுத்துடும். கலந்துடாதீங்க."

"ஒரு தடவ சொன்னா போதுங்க" என்றேன்.

கௌராமி, ஐயாவின் மனைவி ஆசையாகக் கேட்டு வாங்கியது. அது குஞ்சு பொரிப்பதைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அப்புறம் பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2. சுத்தம்

ஆவணி மாசம். காலையில் போனால் மூணாவது தொட்டி மூலையில், இலைக்கு அடியில், சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக மிதக்கும். டீ வடிகட்டியால் வழித்துக் கொட்டிவிடுவேன். மறுநாள் திரும்ப இருக்கும். ஆண் மீன் வந்து விரலை முட்டும். "பசியா உனக்கு?" என்று தீனி போடுவேன். ஜன்னலில் அம்மா நல்லா இருக்கிற கையைத் தூக்கி ஆட்டுவார். என் வேலையை மெச்சுகிறார் என்று தலையாட்டிவிட்டு இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். புரட்டாசி முழுக்க இதே கதை.

ஐயா விடிவதற்குள் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். ஐப்பசியில் ஒரு லீவு நாளில் கேட்டார்.

"என்ன, இன்னும் நுரையே கட்டலையே?"

"என் தொட்டியில நுரையா? தினம் வழிச்சு ஊத்திடறேங்க."

அவர் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார். "அதுதாங்க அதோட கூடு. ஆண் மீன் வாயால ஊதி ஊதிக் கட்டும். முட்டை அதுலதான் நிக்கும்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே." என் வாய் அப்படி.

"நீங்களும் கேட்டிருக்கலாம்" என்றார், சத்தம் போடாமல்.

அம்மா கை ஆட்டியது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனேன். "நிறுத்தச் சொன்னீங்களாம்மா?" கண்ணை மூடித் திறந்தார். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

3. மழைக்கு அப்புறம்

அந்த வாரமே மழை பிடித்தது. துளி விழுந்தால் நுரை உடையும். தண்ணீர் ஜில்லென்று ஆனால் இந்த மீன் கூடே கட்டாது. தகரம் போட்டு மறைத்தேன். ஐயா ஹீட்டர் போட்டுப் பார்த்தார், அவ்வளவு பெரிய தொட்டியில் சூடு ஏறவில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலை உச்சியில் ஏற்றிய தீபத்தைப் பார்த்தது, நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயில் வரட்டும்மா, கட்டிடும்" என்று தினமும் அம்மாவிடம் சொல்வேன்.

தை மாசம் அம்மா போய்விட்டார்.

பங்குனியில் கௌராமி கூடு கட்டியது. முட்டை விட்டதும் பெண் மீனைத் தனியாக எடுத்தேன், இல்லாவிட்டால் ஆண் விரட்டியே கொன்றுவிடும். மூன்றாம் நாள் ஊசி முனை மாதிரி குஞ்சுகள். ஐயாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். "ஜாஸ்தியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் கடைக்குப் போகவில்லை.

மீன் தொட்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு எது எதோடு சேரும் என்பதை அப்புறம் சொல்வேன். தண்ணீரில் தெரியாத ஒன்றைப் பார்த்தால் முதலில் கையை வெளியே எடுங்கள். வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்டால் மதிப்பு கம்மியாகிவிடும் என்று நான் இருந்துவிட்டேன். ஆவணி, புரட்டாசி வெயில் அதில் போய்விட்டது. அம்மாவுக்கு அதற்கு மேல் வெயில் காலம் இல்லை.