இருக்கச் சொன்ன சீட்டு

போன வாரம் என் பேத்தி நெற்றியில் ஒரு தங்க நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கேள்விக்குப் பதில் சொன்னதற்காம். குனிந்து பார்த்தேன், பசை வாசனை. பசை என்றால் எனக்குக் கோதுமை மாப் பசைதான் ஞாபகம் வரும். அது வந்தால் கூடவே ஒரு சீட்டும் வரும். இத்தனை வருஷமாகியும் அந்தச் சீட்டு மட்டும் பழசாகவில்லை.

இருபது வயதில், இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தை ஒட்டி ஒரு நீள அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். சுவருக்கு அந்தப்பக்கம் தொட்டில் குழந்தைகள் கத்தும். இந்தப்பக்கம் என் பிள்ளைகள் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள். பதில் தெரியாமல் இல்லை. பெரிய ஆட்கள் முன்னால் வாயைத் திறந்தால் வம்பு என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்ற அந்த வரிசையில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது. பிள்ளைகள் பேசாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டி இறங்கியது, அது வேறு விஷயம்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரிடம் கெஞ்சிப் பழைய தாள்கள் வாங்கினேன். ஒரு பக்கம் இங்கிலீஷ் அச்சு, மறுபக்கம் வெறுமை. புதன்கிழமை வகுப்பில் அறிவித்தேன்.

"வாயத் தொறந்து பதில் சொல்றவங்களுக்கு ஒரு சீட்டு. வீட்டுல கொண்டுபோய்க் காட்டணும்."

மூன்றாம் வகுப்புப் பூவாயி, வாய்க்குள்ளேயே, ஏழெட்டு ஐம்பத்தாறு என்றாள்.

"சபாஷ். இப்ப கூரைக்குக் கேக்கச் சொல்லு."

சொன்னாள். வெறுமையான பக்கத்தில் 'பூவாயி கெட்டிக்காரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் என் கையெழுத்து துரையுடையதைவிட நீளம்.

மறுநாள் பூவாயி வரவில்லை. வந்த பிள்ளைகள் உதட்டை உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு அவள் அம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்றாள்.

"எம்மக என்ன தப்புப் பண்ணுச்சு மாஸ்டர்? பத்துச்சீட்டு குடுத்துப்புட்டீங்களே."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லி ஆபீசில் கொடுக்கிற தாள். பூவாயியின் சித்தப்பாவை வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். பிள்ளை தமிழை வாசித்துக் காட்டியிருக்கிறாள். "அது பொறத்தால. முன்னால என்ன போட்டிருக்கு, அதச் சொல்லு" என்றாராம் அப்பா. இங்கிலீஷுக்கு அவள் எங்கே போவாள்?

தலவாக்கலைக் குளிரில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிள்ளைகளைப் பேசவைக்கப் போய் ஒரு பள்ளிக்கூடத்தையே ஊமையாக்கியாயிற்று. விடிந்தால் இன்ஸ்பெக்டர்.

சாயங்காலம் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்கு ஓடினேன். வாசல் கல்லில் வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே உள்ளே போய்ச் சேர்ந்தேன். பூவாயியின் அப்பா என்னைத் தூக்கிவிட்டுத் தாளை நீட்டினார். அச்சடித்த பக்கத்தை அப்போதுதான் நானே முதல்முதலாக வாசித்துச் சொன்னேன். உரமூட்டை கேட்டு எழுதுகிற ஃபாரம்.

"அப்ப, போகச் சொல்லலீங்களா?"

"இல்லங்க. இது இருக்கச் சொல்ற சீட்டு. நாளைக்கு அவசியம் வரச் சொல்ற சீட்டு."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு எம்புள்ளைய ஒர மூட்டையில எழுதுவீங்களா மாஸ்டர்?"

லயமே சிரித்தது. நான்தான் கடைசியாகச் சிரித்தேன். பிறகு அவர் கோதுமை மாவைக் காய்ச்சி, முருகன் படத்துக்குப் பக்கத்தில், உரமூட்டை சுவர்ப்பக்கம் போக, அதை ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை ஒரு கேள்விக்கு நாற்பது கை உயர்ந்தது. நாட்டிலேயே உயரமான மலை எது என்று இன்ஸ்பெக்டர் கேட்க, "எங்க தோட்டத்து மேமலை டிவிசன்" என்று ஒருவன் கத்தினான். பூவாயி பிதுருதலாகலை என்று சரியாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரிடமே கையை நீட்டினாள்.

"சீட்டு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் டயரியில் ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதிக் கொடுத்தார். என் வேலை நிரந்தரமாயிற்று.

அந்த நீள அறை இப்போது இல்லை. பிள்ளைமடுவமும் இடம் மாறிவிட்டது. கூரைக்குக் கேட்கச் சொல்ல எனக்கும் குரல் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலைந்து வருஷத்தில், இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி, பூவாயி குடும்பம் இந்தியாவுக்குக் கிளம்பியது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் அப்பா பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து அந்தக் 'கெட்டிக்காரி' தாளை எடுத்தார்.

"இதக் காட்டுனா அங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்கள்ல மாஸ்டர்?"

"சேத்துக்குவாங்க" என்றேன்.

தாளை வாங்கித் திருப்பினேன். உரமூட்டை தெரியவில்லை. லயத்துச் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து அதோடு வந்திருந்தது.